பெண்டிகோ என்ற நாயும் என்னுடைய தகரப்பெட்டியும்

கன நாளாக எழுதவேண்டும் என்று நினைத்து நினைத்துத் தள்ளிப்போட்ட விடயம் இது. இங்கே பலெர்மோவில் நாலு இத்தாலியர் கூடி அரசியல் கதைத்தால், கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருவர் பெருமூச்சு விட்டுக்கொண்டு ஒரு நாவலின் பெயரை இழுப்பார். 'இல் கட்டோபார்டோ'. தமிழில் 'சிறுத்தை' என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாவலில் ஒரு மருமகன் தன் மாமனாகிய பிரபுவுக்கு ஒரு புத்தி சொல்லுகிறான். பழைய சுகம் தொடரவேண்டுமென்றால் மாற்றத்தை நாங்களே முன்னுக்கு நின்று நடத்தவேண்டும் என்பது அதன் சாரம். நாவல் என்றாலே அந்த ஒரு வசனம்தான் என்று ஊர் நினைக்கிறது. அந்தக் குணத்துக்கு இத்தாலிய அகராதியிலே 'கட்டோபார்டிஸ்மோ' என்று ஒரு சொல்லும் ஏறிவிட்டது.

என்னுடைய அபிப்பிராயம் வேறு. அந்த நாவலின் தீர்ப்பு மருமகனின் வாயில் இல்லை, ஒரு செத்த நாயின் தோலில் இருக்கிறது. நான் பேராசிரியர் இல்லை. வயோதிபர் வீடுகளில் வேலை செய்து மொழி படித்தவன். ஆனால் வீட்டை விட்டுவிட்டு வந்தவனுக்கு விளங்குகிற சில இடங்கள் அந்தப் புத்தகத்தில் இருக்கின்றன. அதைத்தான் எழுதுகிறேன்.

2003ஆம் ஆண்டு கல்சாப் பகுதியில் ஒரு வயோதிபப் பெண்மணியைப் பார்க்கிற வேலை எனக்குக் கிடைத்தது. ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியை. எண்பது வயதுக்கு மேல். கண் பார்வை மங்கிவிட்டது. பின்னேரங்களில் நான் வாசிக்கவேண்டும், அவர் கேட்பார். என் உச்சரிப்பு பிழைத்தால் கைத்தடியால் தரையில் ஒரு தட்டு. அப்படித் தட்டு வாங்கி வாங்கித்தான் இந்த நாவலை வாசித்து முடித்தேன். ஏழெட்டு மாதம் பிடித்தது.

ஆறாவது அத்தியாயத்தில் ஒரு நடன விருந்து வருகிறது. 1862 நவம்பர். பலெர்மோ மாளிகை ஒன்றில் பிரபுக் குடும்பங்கள் ஆடுகின்றன. மேலே கூரையில் தீட்டிய தேவர்கள் தங்களை நித்தியமானவர்கள் என்று நினைத்துக்கொண்டு கீழே பார்க்கிறார்கள். அந்த இடத்தில் எழுத்தாளர் திடீரென்று கதையை விட்டு வெளியே வந்து, 1943இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் செய்த ஒரு குண்டு அந்த நினைப்பைப் பொய்யாக்கும் என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் நடனத்துக்குள் போய்விடுகிறார்.

நான் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். தடி தட்டுப்பட்டது. என்ன என்று கேட்டார். எங்கள் ஊரிலும் பொம்பர் வந்தது, 1990இல் வீட்டைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வெளிக்கிட்டோம், நாலு நாளில் திரும்பலாம் என்று நினைத்தோம் என்று எனக்குத் தெரிந்த இத்தாலியனில் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 1943இல் தாங்களும் அப்படித்தான் பலெர்மோவை விட்டு உள்ளூர்க் கிராமம் ஒன்றுக்குப் போனோம் என்றார். 'ஸ்ஃபொல்லாத்தி' என்று ஒரு சொல் சொன்னார். எங்களுடைய 'இடம்பெயர்ந்தோர்' என்ற சொல்லுக்கு அச்சொட்டான சொல் அது. அன்றுதான் இந்த நாவலை நான் உண்மையில் வாசிக்கத் தொடங்கினேன் என்று சொல்லவேண்டும்.

இனிக் கொஞ்சம் சரித்திரம். இது இல்லாமல் நாயின் கதை விளங்காது.

எழுதியவர் ஜுசெப்பே டொமாசி டி லம்பெடூசா. 1896 டிசம்பர் 23இல் பலெர்மோவில் பிறந்தவர். லம்பெடூசா என்பது அவர்களின் பட்டப்பெயர். அந்தக் குடும்பம் 17ஆம் நூற்றாண்டிலிருந்து லம்பெடூசாத் தீவின் பிரபுக்கள். தீவை 1840களிலேயே நேப்பிள்ஸ் அரசருக்குக் கொடுத்துவிட்டார்கள், பட்டம் மட்டும் மிஞ்சியது. குடும்பச் சின்னத்தில் பின்னங்காலில் எழும்பி நிற்கிற ஒரு சிறுத்தை. அவர் பிறந்து வளர்ந்த பலெர்மோ மாளிகையில் 1943 ஏப்ரல் 5இல் அமெரிக்கக் குண்டு விழுந்தது. தான் பிறந்த அறையிலேயே உறங்கி, அங்கேயே சாகலாம் என்று நம்பியிருந்த மனுசன் அவர். அந்த வீட்டின் இடிபாடு கிட்டத்தட்ட எழுபது வருசம் அப்படியே கிடந்து, இந்த நூற்றாண்டில்தான் திரும்பவும் கட்டி வீடுகளாக்கினார்கள். தாயின் வழியில் வந்த இன்னொரு மாளிகை சாந்தா மார்கெரித்தா டி பெலிச்சே என்ற ஊரில் இருந்தது. நாவலில் வருகிற 'டொன்னாஃபுகாத்தா' அரண்மனைக்கு அதுதான் பெரும்பாலும் மாதிரி. அதுவும் 1968 ஜனவரிப் பூமியதிர்ச்சியில் இடிந்துபோனது. மனைவி அலெக்சாண்ட்ரா லாத்வியாவில் தன் குடும்பக் கோட்டையை யுத்தத்தில் இழந்து வந்தவர். வீடிழந்த இரண்டு பேர் வயதான காலத்தில் கடலைப் பார்த்தபடி பூத்தேரா வீதியில் இருந்த வீட்டில்தான் இந்த நாவல் எழுதப்பட்டது.

எழுதத் தொடங்கும்போது அவருக்கு வயது அறுபதை நெருங்கிவிட்டது. இரண்டு பெரிய பதிப்பகங்கள் மறுத்தன. இரண்டாவது மறுப்பு வந்து கொஞ்ச நாளில், 1957 ஜூலை 23இல், ரோமாபுரியில் இறந்துபோனார். அச்சில் தன் நாவலை அவர் காணவே இல்லை. ஜோர்ஜியோ பஸ்ஸானி என்ற எழுத்தாளர் கையெழுத்துப் பிரதியைத் தேடி எடுத்து, 1958 நவம்பரில் பெல்ட்ரினெல்லி பதிப்பகம் வெளியிட்டது. அடுத்த வருசம் ஸ்ட்ரேகா பரிசு. 1963இல் விஸ்கொன்டி படமாக எடுத்து கான் விழாவில் தங்கப்பனை வாங்கினார். 2025இல் நெட்ஃபிளிக்ஸில் தொடராகவும் வந்தது.

கதை 1860இல் தொடங்குகிறது. அந்த மே 11இல் கரிபால்டி தன் 'ஆயிரம் பேரோடு' மர்சாலாவில் இறங்கி, 27இல் பலெர்மோவுக்குள் புகுந்தார். பூர்போன் ஆட்சி விழுந்தது. ஒக்டோபர் 21இல் சிசிலியை இத்தாலியோடு சேர்ப்பதா என்று வாக்கெடுப்பு. ஆம் 4,32,053. இல்லை 667. இது உண்மையான கணக்கு. நாவலில் டொன்னாஃபுகாத்தாவில் 512 பேர் வாக்குப் போடுகிறார்கள், 512ம் 'ஆம்'. ஆனால் பிரபுவோடு வேட்டைக்குப் போகிற ஏழை ஓர்கன் வாத்தியக்காரன் ஒருவன், தான் 'இல்லை' என்றுதான் போட்டேன் என்று கத்துகிறான். அவனுடைய வாக்கை மேயர் விழுங்கிவிட்டார். புது இத்தாலி பிறந்த அன்றே ஒரு பொய்யோடு பிறந்தது என்று பிரபு நினைக்கிறார். தேர்தல் முடிவுகளைக் கண்டு வளர்ந்த எங்களுக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை.

பிரபுவின் பெயர் டொன் ஃபப்ரீசியோ. எழுத்தாளரின் பூட்டனாரைப் பார்த்து எழுதிய பாத்திரம். அந்தப் பூட்டனாரைப் போலவே வானசாத்திரத்தில் பைத்தியம். மருமகன் தாங்கிரெடி, பிரபுவின் தங்கை மகன். பிரபுவின் மகள் கொன்செட்டா. எங்கள் முறைப்படி பார்த்தால் மச்சானும் மச்சாளும். அவள் அவனை விரும்புகிறாள். ஆனால் அவன் கட்டியது மேயரின் மகள் அஞ்செலிக்காவை. மேயரிடம் காசு இருக்கிறது, பிரபுவிடம் பெயர் இருக்கிறது, இரண்டும் சேர்ந்தால் அரசியல். மாமன் தன் மகளைப் பார்க்கவில்லை, காலத்தைப் பார்த்தார். ஊரில் முறைமச்சான் வெளிநாட்டுச் சீதனத்தோடு போனபிறகு வீட்டிலேயே நரைத்துப்போன அக்காமாரைக் கண்டவர்களுக்குக் கொன்செட்டாவைத் தெரியும்.

இனி அந்த நாய். பெயர் பெண்டிகோ. பெரிய சாதி நாய், அலானோ என்பார்கள். நாவல் தொடங்குகிற செபமாலை முடிந்து கதவு திறந்ததும் உள்ளே ஓடிவருவது அதுதான். பிரபு தோட்டத்தில் உலாவும்போது பூப்பாத்தியைக் கிண்டி நாசமாக்குவதும் அதுதான். கதையில் பெரிய வேலை ஒன்றும் அதற்கு இல்லை. ஆனால் எழுத்தாளர் தான் இறப்பதற்கு இரண்டு மாதம் முந்தி, 1957 மே மாதம், ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில், நாய் பெண்டிகோ மிக முக்கியமான பாத்திரம், கிட்டத்தட்ட நாவலின் திறப்பே அதுதான் என்ற பொருளில் சொல்லி வைத்திருக்கிறார். தன் புத்தகத்தை எப்படி வாசிக்கவேண்டும் என்று ஒரு எழுத்தாளர் இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லியும் ஊர் மருமகனின் வசனத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறது!

இதற்கு விஸ்கொன்டியின் படமும் ஒரு காரணம். படம் நடன விருந்தோடு முடிகிறது. நாவலிலோ அதற்குப் பிறகு இரண்டு அத்தியாயங்கள் இருக்கின்றன. ஒன்று 1883 ஜூலை, பிரபுவின் மரணம். மற்றது 1910 மே, 'திருப்பண்டங்கள்' பற்றியது. படம் மட்டும் பார்த்தவர்கள் நாயின் முடிவைக் காணவே இல்லை.

1910இல் என்ன நடக்கிறது? பிரபுவின் மூன்று மகள்மாரும் எழுபது வயதை ஒட்டிய கன்னிக் கிழவிகள். வீட்டுச் சிற்றாலயம் நிறையப் புனிதர்களின் எலும்பு, துணி என்று எழுபதுக்கும் மேற்பட்ட திருப்பண்டங்கள் சேர்த்து வைத்திருக்கிறார்கள். கர்தினால் அனுப்பிய குருவானவர் ஒருவர் வந்து கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொன்றாகச் சோதிக்கிறார். வெளியே வரும்போது கையில் ஒரு கூடை. உண்மையானவை ஐந்து மட்டும், மற்றதெல்லாம் குப்பை. பீடத்துக்கு மேலே மாதா என்று கும்பிட்ட படம் கூட மாதா இல்லையாம், காதலனின் கடிதத்தோடு காத்திருக்கிற ஒரு பெட்டையாம்.

அதே நாட்களில் கொன்செட்டாவுக்கு இன்னொரு சோதனை. தாங்கிரெடியின் பழைய நண்பர் ஒருவர் வந்து, ஐம்பது வருசத்துக்கு முந்திய ஒரு இரவுச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லுகிறார். அன்றைக்குத் தாங்கிரெடி கன்னிமடம் ஒன்றுக்குள் புகுந்து கூத்தடித்த கதை ஒன்றைச் சொல்ல, கொன்செட்டா கோபித்து முகத்தைத் திருப்பியிருந்தாள். அதோடுதான் எல்லாம் கெட்டது. அந்தக் கதை அவன் கட்டிவிட்ட பொய் என்று இப்போது தெரிய வருகிறது. தகப்பன்தான் தன் வாழ்க்கையைக் கெடுத்தார், மேயரின் மகள்தான் பறித்தாள் என்று ஐம்பது வருசம் வளர்த்த வெறுப்புக்குக் காலே இல்லை. கெடுத்தது தன்னுடைய பெருமையே.

அவளுடைய அறையில் நாலு பெரிய பச்சைப் பெட்டிகள். அவளுடைய கலியாணத்துக்கென்று தைத்த துணிமணிகள், உடுத்தாமலே மக்கிப்போனவை. மூலையில் பெண்டிகோ. செத்து நாற்பத்தைந்து வருசம், பஞ்சடைத்து வைத்தும் நாற்பத்தைந்து வருசம். பூச்சி அரித்து, சிலந்தி வலை கட்டி. வேலைக்காரர் எறியச் சொல்லியும் அவள் விடவில்லை. பழைய காலத்தின் பண்டங்களில் மனதை நோகச் செய்யாத ஒன்றே ஒன்று அதுதான். அன்றைக்கு அதுவும் நோகச் செய்தது. கொண்டுபோய் எறி என்றுவிட்டாள்.

வேலைக்காரி அதை யன்னலால் முற்றத்துக் குப்பை மூலைக்கு எறிகிறாள். விழுகிற அந்தக் கணத்தில் அந்த நாயின் உருவம் மாறுகிறது. நீண்ட மீசையோடு ஒரு நாலுகால் மிருகம் காற்றில் ஆடுவது போலவும், முன்னங்காலைத் தூக்கிச் சாபம் போடுவது போலவும் தெரிகிறது. குடும்பச் சின்னத்தில் இருந்த அதே சிறுத்தை! பிறகு ஒரு குவியல் தூசி. நாவல் முடிந்தது.

அந்த வசனத்தை வாசித்துப் புத்தகத்தை மூடியபோது சிஞ்ஞோரா கேட்டார், "நாய் எப்படிச் சிறுத்தையாகிறது, சொல்லு பார்ப்போம்" என்று. எனக்கு மறுமொழி தெரியவில்லை. இப்போது தெரிந்ததைச் சொல்லுகிறேன்.

நாவல் முழுக்கச் சிறுத்தை கல்லிலும், சுவரிலும், கோப்பையிலும் நிற்கிறது. ஒரு வாயில் வளைவில் இருந்த கல்லுச் சிறுத்தைக்கு யாரோ கல்லெறிந்து காலை உடைத்திருக்கிறார்கள், அது காலில்லாமலே ஆடுகிறது. பிரபு தன்னை ஒரு சிறுத்தையாகவே எண்ணுகிறார், தங்களுக்குப் பிறகு வருபவர்களை நரிகளுக்கும் கழுதைப்புலிகளுக்கும் ஒப்பிடுகிறார். ஆனால் இந்தக் கல்லுச் சிறுத்தை ஒன்றுக்கும் உயிர் இல்லை. அந்த வீட்டில் உயிரோடு ஓடித் திரிந்த மிருகம் நாய் மட்டும்தான். பட்டத்தையும் காணியையும் பார்க்காமல் பிரபுவை நேசித்ததும் அதுதான். குடும்பத்தின் உண்மையான உயிர் சின்னத்தில் இல்லாமல் இந்தச் சாதாரண நாயில் இருந்தது. அந்த உயிரைப் போகவிடாமல் பஞ்சை அடைத்து மூலையில் வைத்ததும், அதுவும் சின்னமாகிவிட்டது. கடைசியில் எறியும்போது சின்னமும் உயிரும் ஒரு விநாடிக்கு ஒன்றாகித் தெரிந்து, இரண்டும் தூசியாகப் போயின.

அதனால்தான் மருமகனின் வசனத்தை நாவலின் கருத்து என்று எடுப்பது பிழை என்கிறேன். மாறினால் தப்பலாம் என்பது இருபது வயதுக்காரன் ஒருவனின் கெட்டித்தனம். 1910இல் அவனும் இல்லை, மாமனும் இல்லை, காணிகளும் போய்விட்டன. அதே மாதத்தில் கரிபாால்டியின் ஐம்பதாவது ஆண்டு விழாவுக்கு ஆயத்தம் நடக்கிறது, குழுவில் அஞ்செலிக்கா இருக்கிறாள். ஒன்றும் அப்படியே இருக்கவில்லை. சிலர் மறுமொழி சொல்லுவார்கள்: சிசிலியின் வறுமையும் அதிகாரமும் மாறாமல்தானே இருந்தன, ஆகவே அந்த வசனம் பலித்ததுதானே என்று. அரசியலில் அது சரியாக இருக்கலாம். ஆனால் அந்தக் குடும்பத்துக்கு அது பலிக்கவில்லை, எழுத்தாளர் தன் பேனாவைக் கடைசியாக வைத்த இடமும் அரசியல் இல்லை, ஒரு குப்பை மூலை.

பலெர்மோவில் இருப்பவனுக்கு இந்தப் பஞ்சடைத்த நாய் இன்னும் கூட விளங்கும். ஏனென்றால் இது செத்தவர்களைப் பத்திரப்படுத்துகிற ஊர். கப்பூச்சின் துறவிகளின் நிலவறைக்குப் போனால், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரேதங்கள் உடுப்போடு சுவரில் நிற்கின்றன. 1920இல் இறந்த ரொசாலியா லொம்பார்டோ என்ற சின்னப் பிள்ளை நித்திரை கொள்வது போலக் கண்ணாடிக்குள் கிடக்கிறாள். அந்த நிலவறைக்குப் பக்கத்துச் சேமக்காலையில்தான் லம்பெடூசாவின் கல்லறையும் இருக்கிறது. அவர் நாயைத் தூசியாக்கியது தற்செயல் இல்லை என்று அங்கே நின்றபோது எனக்குத் தோன்றியது.

திருப்பண்டம் என்றால் எங்கள் ஆட்களுக்கும் இந்த ஊரில் ஒன்று இருக்கிறது. மொண்டே பெல்லெக்ரினோ மலையில் சாந்தா ரொசாலியா. 1624இல் கொள்ளைநோய் வந்தபோது அந்த மலைக் குகையில் ஒரு பெண்ணின் எலும்புகள் கிடைத்தன. அவற்றை ஊர்வலம் கொண்டுபோனபிறகு நோய் விலகியது என்று பலெர்மோ நம்புகிறது. ஒவ்வொரு ஜூலை 14 இரவும் பெரிய திருவிழா. தமிழ் ஆட்கள், வேதக்காரரும் சைவக்காரரும் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மலை ஏறுகிறார்கள். நேர்த்திக்கடன் வைக்கிறார்கள். இத்தாலியரே பார்த்து அதிசயப்படுகிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் பக்லண்ட் என்ற ஆங்கிலேயப் புவியியலாளர் இங்கே வந்து எலும்பைப் பார்த்துவிட்டு, இது ஆட்டெலும்பு என்று சொன்னதாக ஒரு கதை உண்டு. நாவலில் வருகிற குருவானவர் போல! ஆனால் மலைக்குப் போகிற சனம் நிற்கவில்லை. எனக்கு இதில் ஒரு வித்தியாசம் தெரிகிறது. மலை ஏறுகிறவன் வேர்க்கிறான், அழுகிறான், பிள்ளைக்குக் காய்ச்சல் மாறவேண்டும் என்று கேட்கிறான். அங்கே கொடுக்கல் வாங்கல் நடக்கிறது, அது உயிருள்ள பண்டம். கொன்செட்டாவின் பெட்டியை யாரும் திறப்பதில்லை. அது பஞ்சடைத்த பண்டம்.

லம்பெடூசா என்ற பெயரையே எடுங்கள். ஒரு காலத்தில் பிரபுவின் பட்டம். இன்றைக்கு அந்தப் பெயரைக் கேட்டால் உலகத்துக்கு நினைவு வருவது வள்ளங்கள். 2013 ஒக்டோபர் 3இல் அந்தத் தீவுக்குக் கிட்ட ஒரு வள்ளம் எரிந்து கவிழ்ந்து 360க்கும் மேற்பட்ட அகதிகள் செத்தார்கள். அன்றைக்குத் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்ப அந்தப் பெயர் ஓடியபோது, கிழவி இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். பெயர் மாறவில்லை, பொருள் முழுக்க மாறிவிட்டது. மருமகனின் கணக்குக்கு நேர் தலைகீழ்.

கொடியில் மிருகம் வைத்த சனம் நாங்களும்தான். சோழனுக்குப் புலி. தீவில் ஒரு பக்கம் சிங்கம், ஒரு பக்கம் புலி. 2009 மே மாதத்துக்குப் பிறகு எங்களுக்குள்ளும் இரண்டு விதமான ஆட்களைப் பார்க்கிறேன். ஒரு பகுதி எல்லாவற்றையும் பஞ்சடைத்து மண்டபத்தில் வைத்து வருசத்துக்கு ஒருக்கால் தூசி தட்டுகிறது. ஒரு பகுதி கறுப்புப் பையில் கட்டி எறிந்துவிட்டு ஒன்றுமே நடக்காதது போலத் திரிகிறது. செத்த பிள்ளைகள் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார்கள். இதற்கு மேல் நான் சொன்னால் அடிபாடு வரும், விடுவோம்.

என் கதைக்கு வருகிறேன். என்னிடமும் ஒரு பெட்டி இருக்கிறது. பழைய பிஸ்கற் தகரப்பெட்டி. உள்ளே மூன்று சாமான். வீட்டுத் திறப்பு. அம்மா தந்த காணி உறுதியின் பிரதி. ஒரு சின்னப் போத்தலில் எங்கள் வளவு மண். வலிகாமம் வடக்கில் எங்கள் பகுதி உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. அம்மா மல்லாகத்தில் வாடகை வீட்டில் கண்ணை மூடினா. மண் வந்தது சமாதான காலத்தில், 2002 கடைசியில். பாதை திறந்து ஊருக்குப் போய்வந்த அத்தான் ஒருவர் கொண்டுவந்து தந்தார். நான் கும்பிட்டு வாங்கினேன். தைப்பொங்கலுக்கும் அம்மாவின் திவசத்துக்கும் சாமிப்படத்துக்கு முன்னால் வைப்பேன். பிள்ளைகளுக்கு 'இதுதான் எங்கட வளவு' என்று காட்டுவேன்.

2017இல் எங்கள் ஒழுங்கைப் பக்கம் விடுபட்டது. தம்பி போய்ப் படம் எடுத்து அனுப்பினான். வீடு இல்லை. கதவு இல்லை, சுவர் இல்லை, அத்திவாரமும் கிணற்றுக் கட்டும் மட்டும். பற்றைக்குள் முள்ளுக்கம்பி. அப்போதுதான் எனக்கு உறைத்தது. 2002இல் அந்த வலயத்துக்குள் ஒரு குருவியும் போயிருக்கமுடியாது, பிறகு அத்தான் எப்படி எங்கள் வளவுக்குள் போய் மண் அள்ளினார்? போன் எடுத்துக் கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"உள்ளுக்கு விடேல்லையடா. மறியலடிக்குப் பக்கத்திலை, றோட்டுக் கரையிலை அள்ளினனான். நீ பாவம், வெறுங்கையோடை எப்பிடி வாறது எண்டுதான்..."

எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. பிறகு யோசித்தேன். அந்த வலயம் மூடியிருந்தது எனக்கு 2002இலும் தெரியும்தானே. கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் மறுமொழி தெரியும் என்பதால்தான் கேட்கவில்லை. கொன்செட்டாவுக்கு ஐம்பது வருசம், எனக்குப் பதினைந்து. பொய் சொன்னவனை விடப் பொய்யைப் பூட்டி வைத்தவனுக்குத்தான் பங்கு கூட.

சிஞ்ஞோரா 2006இல் இறந்துவிட்டார். வீட்டைக் காலி செய்ய வடக்கிலிருந்து பிள்ளைகள் வந்தார்கள். நல்லவர்கள்தான், ஆனால் நேரமில்லை. மூன்று நாளில் எல்லாம் முடிக்கவேண்டும். அறுபது வருசக் கடிதங்கள், பள்ளிக்கூடப் படங்கள், புருசனின் தொப்பி, எல்லாவற்றையும் பையில் கட்டிப் படியால் இறக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டது நான்தான். சம்பளத்துக்கு. ஒரு பை கிழிந்து படம் ஒன்று கீழே விழுந்தது. பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பெட்டை, மலையடிவாரக் கிராமம் ஒன்றில், கையில் ஒரு கோழிக்குஞ்சோடு சிரித்துக்கொண்டு நிற்கிறாள். பின்னால் பென்சிலால் ஏதோ எழுதி இருந்தது, அழிந்துபோய்விட்டது. அவரோடு மூன்று வருசம் இருந்தும் அப்படி அவர் சிரித்து நான் கண்டதில்லை. ஒரு விநாடி அவரை முழுதாகக் கண்டேன். கீழே வண்டிக்காரன் ஹோர்ன் அடித்தான். படத்தையும் போட்டுவிட்டேன். இன்றைக்கும் அதை ஏன் வைத்துக்கொள்ளவில்லை என்று நினைப்பதுண்டு. நாய் ஏன் சிறுத்தையாகிறது என்று அவர் கேட்ட கேள்விக்கு மறுமொழி அந்தப் படிக்கட்டில்தான் கிடைத்தது.

மண்ணை நான் எறியவில்லை. பல்கனியில் கறிவேப்பிலை வைத்திருக்கிறோம், அந்தச் சாடிக்குள் கொட்டிவிட்டேன். ஊர் றோட்டுக் கரை மண்ணும் மண்தானே, பலெர்மோ மண்ணோடு சேர்ந்து ஏதாவது செய்யட்டும். மனுசி 'சாமிப்படத்தடியில் இருந்ததை ஏன் எடுத்தனீங்கள்' என்று கேட்டா. காரணம் சொன்னேன். சிரித்தா. தனக்கு அப்போதே தெரியுமாம்!

உறுதி இருக்கிறது. அது உண்மையான பண்டம், தம்பி காணியை எல்லை பிடிக்கிறபோது அதைத்தான் கேட்டான். திறப்பும் இருக்கிறது. திறக்கக் கதவில்லாத திறப்பு. அதை வைத்திருப்பதில் ஒரு நியாயமும் இல்லை என்று எனக்குத் தெரியும், ஆனாலும் அம்மா இடுப்பில் செருகியதைக் கண்டவன் நான். என் கையால் எறிய மனம் வரவில்லை.

மகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நான் போனபிறகு வீடு துப்புரவாக்கும்போது தகரப்பெட்டியை எறிந்தாலும் பரவாயில்லை, எறிவதற்கு முந்தி ஒருக்கால் திறந்து பார் என்று. அவள் இத்தாலியனில் 'வா பேனே, அப்பா' என்றாள். அதாவது, சரி அப்பா.